நூத்துக்கு நூறு மாப்பிள்ளை

அந்தக் காது மருத்துவமனையில் அவருக்கு 'நூத்துக்கு நூறு' என்றுதான் பெயர். காது மெஷின் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது எவ்வளவு பயன்படுகிறது என்று அளந்து சொல்வது அவர் வேலை. அவர் அளந்து யாருக்கும் நூற்றுக்குக் குறைந்ததில்லை. தன் கை பட்டாலே காது திறந்துவிடும் என்று மனுஷனுக்கு நினைப்பு.

அளப்பதற்கென்றே சத்தம் புகாத அறை ஒன்று இருந்தது. உள்ளே ஒலிபெருக்கியில் சந்தடியும் பேச்சும் கலந்து வரும். காதில் விழுந்த சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே புழுக்கமாம். அதனால் இவர் வெளியே மின்விசிறிக்கு அடியில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, வாயைக் கோணிக் கோணிக் கத்துவார். "பந்து! கதவு! மீன்!" என்றைக்கும் அதே சொற்கள், அதே வரிசை. காத்திருப்பவர்களுக்கே மனப்பாடம். இந்த லட்சணத்தில் அனுபவசாலி என்று பீற்றல் வேறு.

இவருடைய மாமனார் அச்சகத்து இரைச்சலில் காதைப் பறிகொடுத்தவர். அவருக்கும் மாப்பிள்ளைதான் மெஷின் மாட்டி, ஒருநாள் காலை அளந்தும் பார்த்தார். முழு மதிப்பெண். மாலையில் மகள் மெஷினைத் துடைக்கத் திறந்தாள். உள்ளே பேட்டரியே இல்லை.

"பேட்டரி எங்கப்பா?" கையால் காட்டிக் கேட்டாள்.

"ஒரே இரைச்சல்மா. போன வாரமே கழட்டிட்டேன்."

"அப்புறம் எப்படிப்பா அவ்வளவும் சரியாச் சொன்னீங்க?" என்று வாயசைத்தாள்.

"மாப்பிள்ளை வாயப் பாத்தாலே தெரியுதே. தப்பாச் சொன்னா பாவம், மனசு கஷ்டப்படுவாரு."

மகள் நேரே கணவனிடம் போனாள். "என்னங்க, நீங்க அளந்தப்ப அப்பா மெஷின்ல பேட்டரியே இல்லையாம்."

வேறொருவராக இருந்தால் தலை குனிந்திருப்பார். இவர் மோவாயைத் தடவினார். "அப்படின்னா காதே தேறிடுச்சுன்னு அர்த்தம்!"

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று அவள் மறுநாளே அப்பாவை அதே மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் அழைத்துப் போனாள். அந்தப் பெண் பேட்டரி போட்டு, அறைக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்தினாள். பாதிச் சொற்கள்கூடத் தேறவில்லை. இரைச்சல் பேச்சை விழுங்காதபடி மெஷினைத் திருத்தி மறுபடி அளந்தாள். இந்த முறை பெரும்பாலும் சரியாக வந்தது.

"நூறெல்லாம் வராதுங்க ஐயா. வீட்டுல பேசறது கேக்கும்," என்றாள்.

பெரியவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாப்பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தப் பெண் மதிப்பெண்ணைக் குறைத்து மருத்துவமனையின் மானத்தை வாங்குகிறாள் என்று தலைமை மருத்துவரிடம் கோள் சொன்னார். அவரும் முழு மதிப்பெண்ணுக்கு மயங்குகிற ஆசாமி, தலையை ஆட்டினார். ஆனால் அவள் அறை வாசலில் கூட்டம் சேர்வதை இருவராலும் தடுக்க முடியவில்லை.

ஒருநாள் இரவு சாப்பிடும்போது, மாமனார் பக்கத்தில் இருக்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லாமல், மாப்பிள்ளை மனைவியிடம் முணுமுணுத்தார்: "உங்கப்பனுக்குக் காதும் இல்ல, மூளையும் இல்ல."

பெரியவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"கேக்குது மாப்பிள்ளை," என்றார்.