கிழங்கு வருகிற கதவு

சிவகலா அக்காவைப் பற்றி, சுவிஸின் பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸில் எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கதைப்பார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனுஷி. கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும்போது பூசணித் துண்டு பெரிதாக இருக்கவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால், ஐயரே வந்து சொன்னாலும் அது சிறுக்காது. கார் ஓட்டும் சோதனையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டவர், ஒவ்வொரு தரமும் அதே சோதகரையே தரும்படி கேட்டார். "அந்தாளிட்டத்தான் பாஸ் பண்ணவேணும்" என்று வீம்பு. கடைசியில் அந்தாளிடமே பாஸ் பண்ணினார். அவருடைய கணவர் சிவானந்தராசா அண்ணைக்குக் கலியாணத்துக்குப் பிறகு "ஓம்" என்பதைத் தவிர வேறு சொல் மறந்துபோய்விட்டது என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

ஊர் யாழ்ப்பாணத்துச் சரசாலை. அகதியாக வந்து, ஹோட்டலில் கோப்பை கழுவி, கந்தோர்களைக் கூட்டித் துடைத்து, பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் பராமரிப்பு வகுப்புக்குப் போனார். இப்போது பேர்ணுக்கு வெளியே ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். வயது போனவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, ஊட்டிவிடுகிற வேலை. நான், சந்திரகுமார், அதே இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். எனக்கு அந்த வேலையைப் பிடித்துத் தந்ததும் அக்காதான். அதனால் என்னை உருட்டவும் மிரட்டவும் தனக்கு உரிமை இருக்கிறது என்று அவர் நம்புகிறார். நானும் நம்பிவிட்டேன்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ஏழை வீடு. வறுமைப்பட்ட குடும்பத்துக்கு அதன் சொந்த ஊர்ச் சபைதான் சோறு போடவேண்டும் என்பது அந்தக் காலத்து முறை. சபைக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. ஆகவே குடிகாரர், விதவைகள், கைகால் வழங்காதவர்கள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் அடைத்தார்கள். வயலில் வேலை வாங்கிக்கொண்டு, அந்த வயல் உருளைக்கிழங்கையே அவித்துக் கொடுத்தார்கள். புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி மறுபக்கம். பிள்ளை கொஞ்சம் நிமிர்ந்தால் யாராவது கமக்காரனிடம் வேலைக்கு விட்டுவிடுவார்கள். சுவிஸ் என்றால் சொக்லேட்டும் மணிக்கூடும் என்று நினைத்து வந்தவன் நான்.

இப்போது அதற்குக் கண்ணாடி முகப்பு. ஆள் கிட்டப் போனதும் தானாகத் திறக்கிற முன் கதவு, உள்ளே கூடத்தில் கஃபே, மேசைக்கு மேசை பூ. பின்கதவு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கீழ்த்தளத்தில், எங்கள் சமையலறையை ஒட்டி. கிழங்கும் பாலும் பாணும் அதாலே வரும். குப்பை அதாலே போகும். செத்தவர்களும் அதாலேதான் போனார்கள். சாமான் லிஃப்டில் இறக்கி, எங்கள் வாசலைக் கடந்து தள்ளிப்போவார்கள். சவப்பெட்டி வான் பாண் வானுக்குப் பக்கத்தில் நிற்கும். அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் ஒரு கதிரை குறைந்திருக்கும், எல்லாரும் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள்.

இந்த இல்லத்துக்குத்தான் ஏஷ்லிமன் வந்தார். மரம் அரியும் ஆலையில் வேலை செய்து ஓய்ந்தவர், கலியாணம் கட்டாதவர், எண்பத்தைந்து தாண்டியவர். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் இருந்து நேரே கொண்டுவந்தார்கள். முன் கதவு திறந்ததும் கையை உயர்த்தி நிற்கச் சொன்னாராம். நோகிறதாக்கும் என்று அம்புலன்ஸ்காரர் பயந்துபோனார்கள். அவர் கதவை நிலையில் இருந்து நிலை வரைக்கும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு, "சரி, இனிப் போகலாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து, கதவைப் பார்த்தபடி இருப்பார். இந்தக் கிழவன் ஓடுவதற்கு வழி பார்க்கிறான் என்று எல்லாரும் முடிவுகட்டி, வெளியே கால் வைத்தால் சத்தம் போடுகிற பட்டி ஒன்றை அவர் கையில் கட்டிவிட்டார்கள். எங்கே போக நினைக்கிறீர்கள் என்று ஒருவருக்கும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. சிவகலா அக்கா கேட்டார்.

"ஓரிடமும் போகேல்லை," என்றாராம் ஏஷ்லிமன். "கதவைப் பாக்கிறன்."

அவர் பேர்ண் பாஷையில் சொன்ன கதையை அக்கா எங்கள் பாஷையில், தேத்தண்ணி இடைவேளையில் எனக்குச் சொன்னார். காட்டில் மரம் விழுந்து தகப்பன் செத்ததும், தாயையும் ஆறு வயதுப் பிள்ளையையும் சபைக்காரர் இந்த வீட்டில்தான் கொண்டுவந்து விட்டார்கள். முன் கதவு பாதிரியாருக்கும் சபைக் கனவான்களுக்கும் மட்டும். ஒரு மழை நாளில் பையன் அதாலே ஓடி வந்துவிட்டான். மேற்பார்வையாளன் இடுப்புப் பட்டியால் அடித்து, திரும்ப மழைக்குள் இறக்கி, சுற்றிப் பின்கதவால் வரவைத்தான். தாய் நெஞ்சு வருத்தத்தில் செத்தபோது பையன் கீழ்த்தளத்தில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். வெறும் பலகைப் பெட்டியை அவனுக்குப் பக்கத்தாலேதான் கொண்டுபோய்க் கைவண்டியில் ஏற்றினார்கள். பின்னால் போக எழும்பினான். மேற்பார்வையாளன் தோளில் கைவைத்து அமத்தினான்.

"'இரு. கிழங்கைச் சீவு' எண்டவனாம்," என்றார் அக்கா. "பிள்ளை இருந்து சீவினதாம். பானை நிறைஞ்சு எழும்பிப் பாக்க, வண்டில் போயிட்டுதாம். தாயை எங்க தாட்டவை எண்டே மனுஷனுக்குத் தெரியாது."

"எங்கட குசினியிலயோ அக்கா?"

"நீ நிண்டு கிழங்கு சீவுற இடத்திலதான்."

இடைவேளை முடிந்து நான் அதே இடத்தில் போய் நின்று மிச்சக் கிழங்கைச் சீவினேன்.

இப்படி வளர்ந்த பிள்ளைகளிடம் இந்த நாட்டு அரசாங்கம் சில வருஷத்துக்கு முன் மன்னிப்புக் கேட்டது. ஏஷ்லிமன் அதை டிவியில் பார்த்தவராம். "வடிவாத்தான் கதைச்சவை," என்று அக்காவிடம் சொன்னார். "கதவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

ஒரு குளிர்காலக் காலையில், பக்கத்து அறை மனுஷியைப் பின்கதவால் கொண்டுபோவதை அவர் யன்னலால் கண்டுவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் முன் கதவால வந்தனான். முன் கதவாலதான் போவன். நீ பாத்துக்கொள்ளுவியோ?" என்று கேட்டார்.

பேர்ண்காரர் என்றால் "பார்ப்போம்" என்றிருப்பார்கள். அவர்கள் ஊரில் "இல்லை" என்பதற்கு அதுதான் மரியாதையான சொல். அக்கா "ஓம்" என்றுவிட்டார். யாரைக் கேட்டு அந்த வாக்கைக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டேன். "ஆரைக் கேக்கவேணும்?" என்று என்மேல் பாய்ந்தார்.

கேட்கவேண்டிய ஆள் நிர்வாகி கேர்பர். மோசமான மனுஷி இல்லை; அக்காவை "ஃபிராவ் சிவா", அதாவது திருமதி சிவா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். ஆனால் எதையும் நாலு கூட்டம் வைக்காமல் தொடமாட்டார். கூடத்தில் குடும்பங்கள், சின்னப் பிள்ளைகள் கோப்பி குடிக்க வருகிறார்கள், இங்கே வாழ்கிறவர்களும் கலங்கிப்போவார்கள், ஆகவே பின்வழிதான் நாகரிகம் என்றார். அக்கா தன்னுடைய உடைந்த ஜெர்மனில் விடாமல் நின்றார். "எங்கட ஆக்கள் செத்தவீட்டை ஒளிக்கிறேல்லை. கலியாணத்துக்குச் சொன்னாத்தான் போவம். செத்தவீட்டுக்குக் கேள்விப்பட்டாலே போவம். இங்க கேள்விப்படவே விடுறீங்கள் இல்லையே."

"பார்ப்போம், ஃபிராவ் சிவா," என்றார் கேர்பர்.

அக்கா பொறுக்கவில்லை. வாழ்கிறவர்கள் கலங்குவார்களா என்று அவர்களையே கேட்டுவிட்டால் போச்சு. பின்னேரக் கோப்பி நேரம் மேசை மேசையாகப் போய், "நீங்கள் செத்தால் எந்தக் கதவால போக விருப்பம்?" என்று கேட்டார். கோப்பி வேணுமா, தேத்தண்ணி வேணுமா என்று கேட்கிற அதே குரலில். நான் கேக் தட்டோடு அங்கே நின்றேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஸ்பிண்டன் என்கிற கிழவிதான் கரண்டியை வைத்தார். முந்திப் பள்ளிக்கூட ரீச்சர், குரல் இன்னும் கணீர் என்றிருக்கும். "கடைசியிலாவது ஒருத்தி கேட்டாளே! காலையில் கதிரை வெறுமையாக இருந்தால், ஆள் விடுமுறைக்குப் போய்விட்டது என்றா நாங்கள் நினைக்கிறோம்?" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டியதும் அக்காதான். அங்கே இருக்கிற ஒருவரின் மகள் முறைப்பாடு செய்தார். கேர்பர் கூப்பிட்டு, இது உங்கள் வேலை இல்லை, இன்னொரு தரம் நடந்தால் வேலை நிலைக்காது என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பும் ரயிலில் நான், "அக்கா, பென்ஷனுக்குக் கொஞ்சக் காலம்தானே, பேசாம இருங்கோவன்" என்றேன். அவர் அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தரம்தான். மூக்கைத் துடைத்துவிட்டு, "மனுஷன் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைப் பாத்துக்கொண்டிருக்குது. ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பேசாம இருக்கிறதோ?" என்றார்.

ஏஷ்லிமன் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை காலையில் செத்துப்போனார். அக்கா பக்கத்தில் இருந்தார். முகம் வழித்து, குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, மேல்கோட்டையும் போட்டுவிட்டார். டொக்டர் வந்து போனார். பெட்டிக்காரர் மத்தியானத்துக்கு வந்தார். கஃபே நிறைந்திருக்கிற நேரம். வழக்கம்போல வானைப் பின்னால் விட்டுவிட்டு, பெட்டியோடு மேலே போனார்.

மேலே நடந்ததைப் பெட்டிக்காரரே பிறகு எனக்குச் சொன்னார். மூடிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு சாமான் லிஃப்டுக்கு வந்தால், அதன் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு கட்டையான மனுஷி நிற்கிறார்.

"இதால போகேலாது."

"வான் பின்னால நிக்குது அம்மா."

"வானுக்குச் சில்லு இருக்குத்தானே?"

பெட்டிக்காரர் யோசித்தார். இத்தனை காலத் தொழிலில் முன்னால் வா என்று தன்னிடம் ஒருவரும் சொன்னதில்லையாம். வானைத் திருப்ப அவர் இறங்கிப் போக, கேர்பர் மூச்சு வாங்க மேலே வந்தாராம்; இந்த மிச்சம் அக்கா சொன்னது.

"ஃபிராவ் சிவா, இன்னும் நாங்கள் ஒன்றும் முடிவெடுக்கவில்லை."

"அவர் முடிவெடுத்திட்டார்."

"கீழே ஆட்கள் சாப்பிடுகிறார்கள்."

"தெரியும்."

"இதனால் வருவதை நீங்கள்தான் ஏற்கவேண்டியிருக்கும்."

"ஓம், ஏற்கிறன்," என்று சொல்லிவிட்டு, அக்கா ஆட்கள் போகிற லிஃப்டின் பொத்தானை அமத்தினார். அது வருகிற இடைவெளியில் போனை எடுத்துச் சமையலறைக்கு அடித்தார்.

சனிக்கிழமை எங்களுக்குக் கிழங்குக் களி. இரண்டாம் பானைக்கு நான் மும்முரமாகச் சீவிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கிழங்கை வைச்சிட்டு மேல வா. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. மனுஷன் வெளிக்கிடுறார்."

சாப்பாட்டு நேரத்தில் சமையலறையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது எங்கள் ஷெஃபின் சட்டம். நான் ஷெஃபைப் பார்த்தேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு எனக்கு முன்னால் படியேறினார். கோப்பை கழுவுகிற போர்த்துக்கீசப் பெடியனும் ஈரக் கையோடு வந்தான். சாப்பாட்டு நேரத்தில் ஏப்ரனோடு அந்தக் கூடத்துக்குள் நாங்கள் எல்லாரும் போனது அதுதான் முதல் தரம்.

லிஃப்ட் திறந்தது. அக்கா தலைமாட்டில் நின்று பெட்டியைத் தள்ளினார். கத்தியும் முள்ளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஸ்பிண்டன் தான் பிடித்து நடக்கிற தள்ளுவண்டியைப் பிடித்து எழும்பினார். அவருக்குப் பின் இன்னொருவர், பிறகு மேசை மேசையாக எல்லாரும். எழும்ப முடியாதவர்கள் சக்கர நாற்காலியை நடைபாதைப் பக்கம் திருப்பினார்கள். பார்க்க வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை, "அதுக்குள்ள ஆர்?" என்று கேட்டது. தாய், "ஏஷ்லிமன் தாத்தா. வீட்டை விட்டுப் போறார்," என்றாள். பிள்ளை கை காட்டியது. கலங்கிப்போனவன் என்றால் நான் ஒருவன்தான்.

அந்தத் தானியங்கிக் கதவு மெதுவாகப் போகிறவர்களுக்கு நிற்காது, பாதியில் மூடப்பார்க்கும். பெட்டி கிட்டப் போனபோது கேர்பர் முன்னால் நடந்துபோய் நிலையில் நின்றுகொண்டார். அவர் அங்கே நின்றதால் கதவு திறந்தபடியே இருந்தது. அக்கா அவரைப் பார்க்காமலே தள்ளினார்.

பெட்டி நிலையைத் தாண்டியது. நாங்கள் பின்னால் நடந்தோம். ஷெஃப், போர்த்துக்கீசப் பெடியன், நான், தள்ளுவண்டிகளோடு வயது போனவர்கள், வான் நிற்கிற இடம் மட்டும். திரும்பிப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை.

வான் கதவு மூடியபோது அக்கா திரும்பி என் கையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். பாதி சீவின கிழங்கு இன்னும் என் கையில் இருந்தது.

"கிழங்கை வைச்சிட்டு வா எண்டெல்லோ சொன்னனான்," என்றார்.