என்ன ஆயத்தம் என்று ஏட்டு கேட்டார்

சுகிர்தபாய் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லும் வார்த்தை, ஆயத்தம். உதியன்குளங்கரைக்குப் பக்கத்து மிஷன் சபையில் அவள் பைபிள்வுமன். வீடு வீடாகப் போய் ஜெபித்து, சபைச் சேதி சொல்லி வருபவள். பேறுகாலத்துக்குப் பழந்துணி எடுத்து வைப்பதும் அவளுக்கு ஆயத்தம்தான், சாகக் கிடப்பவர் தலைமாட்டில் பாட்டுப் பாடுவதும் ஆயத்தம்தான். ஆனால் சபையாருக்கு அந்தச் சொல் என்றால் ஒன்றுதான் ஞாபகம் வரும். மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம். கோயிலில் அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கூடி, சண்டை சச்சரவைத் தீர்த்து மனசைச் சுத்தம் பண்ணிக்கொள்வதுதான் ஆயத்தம்.

ஐம்பத்துநாலில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற இடங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலமும் கூட்டமும். சந்திப்பில் போலீஸ்காரர்கள் ஓலைக்கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் சுகிர்தபாய் குடையை ஆட்டிக்கொண்டு, "சனிக்கிழமை ஆயத்தம் உண்டு, ஒருத்தரும் வராம இருக்கப்பிடாது" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஏட்டு சதாசிவன் வடக்கே மலையாளப் பக்கத்திலிருந்து வந்தவர். அவளைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு நோட்டைத் திறந்தார்.

"எந்தினுள்ள ஆயத்தம்?"

"இராப்போஜனத்துக்காக்கும், ஏமானே."

"ராத்திரிச் சாப்பாடா? எத்தனை பேர்?"

"இருநூறு பேரு வருவாங்க."

"எத்தனை மணிக்கு?"

"காலம்பற ஒம்பது மணிக்கு."

ஏட்டின் பென்சில் நின்றது. "ராத்திரிச் சாப்பாடு காலையிலயா?"

"அது அப்படித்தான் ஏமானே."

"என்ன சாப்பாடு?"

"ஆளுக்கு ஒரு துண்டு அப்பம்."

இருநூறு பேர் ஒரு துண்டு அப்பத்துக்காகக் கூடுவதை ஏட்டு நம்பவில்லை. சனிக்கிழமை அவரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த சபைக்காரர் ராபின்சன் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தார்.

உபதேசியார் யோசுவா எழுந்து, "யார்மேலயாவது கசப்பு இருந்தா இப்பவே போய்ப் பேசிக்கிடுங்க. அது தீராம நாளைக்கு மேசைக்கு வராதீங்க" என்றார்.

சுகிர்தபாயின் காது சூடானது. ஆறு பெஞ்சு முன்னால் அவள் தங்கை புஷ்பபாய் இருந்தாள். இருவரும் பேசி நாலு மாதம். புஷ்பபாயின் புருஷன் ஜெயதாஸ், "திருவனந்தபுரத்தை விட்டுட்டு எங்க போறது?" என்று கேட்கும் கட்சி. கிணற்றடியில் பத்துப் பெண்கள் நடுவில் அவனைத் திருவனந்தபுரத்துக்கு வால் என்று சொல்லிவிட்டாள் சுகிர்தபாய். ஊரை எல்லாம் ஆயத்தப்படுத்தியவள், நாலு மாதமாகத் தான் ஆயத்தமில்லாமலே அப்பம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

எழுந்தாள். பிரசங்கம் தொடங்கப்போகிறது என்று ஏட்டு பென்சிலை எடுத்தார். அவள் நடந்துபோய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எட்டி புஷ்பம், உன் மாப்பிளய வால்னு சொன்னது தப்பாக்கும்."

"தப்புதான்," என்றாள் புஷ்பபாய், முகத்தைத் திருப்பாமல். கொஞ்சம் கழித்து, "ஆனா எல்லை விஷயத்தில நான் விட்டுத்தர மாட்டேன்."

"நான் மட்டும் விடுவேனா?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எல்லை என்ற சொல் கடைசி பெஞ்சு வரை கேட்டுவிட்டது. "என்ன பேசுகிறார்கள்?" என்று ஏட்டு ராபின்சனிடம் குனிந்தார்.

"ராஜி ஆகிட்டாங்க ஏமானே."

எல்லைத் தகராறில் இரு கட்சியும் ராஜியாகிவிட்டதாக ஏட்டு அன்றே மேலே எழுதி அனுப்பினார். மறுவாரம் மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, ராஜி பேசிய தலைவர்கள் யார் என்று கேட்டபோது, மாவரைத்த கையோடு இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

ஐம்பத்தாறில் எல்லைக் கோடு விழுந்தது. தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. சுகிர்தபாயின் வீடு கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் உலை வைக்கவில்லை. புஷ்பபாய் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தாள். ஜெயித்த கட்சி என்பதை மருந்துக்கும் காட்டாமல், அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.