கேட்டுக்கு உள்ளே போகும் வண்டி

பெட்ரோல் காரா, டீசல் காரா என்று ஒரு வீடு ஒரு மாதம் முழுக்க மல்லுக்கு நின்றது என்று இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீடு நின்றது. அந்த மாதம் முழுக்க எனக்கும் அதே கவலைதான். மூன்றாவது படிக்கிற பெண்பிள்ளைக்குக் காரைப் பற்றி என்ன கவலை என்று கேட்காதீர்கள். எனக்கு எதைப் பற்றித்தான் கவலை இல்லை? நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம் அது. ஆமத்தூரில் எங்கள் தெருவில் சொந்தக் கார் என்று அதுவரை ஒன்றும் நின்றதில்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்து போன கார்களைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அப்பா நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அம்மாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ரூமில். காலையில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் போவார்கள். பைக்கைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு அங்கிருந்து ரூமுக்கு நடக்க வேண்டும். நல்ல தூரம். ஒரு ரூமில் பிடித்த தீ அடுத்த ரூமுக்குத் தாவிவிடக் கூடாது என்று கருவேலங்காட்டுக்குள் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருப்பார்கள். பெட்ரோல் வண்டி எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். முதலாளியே தன் காரை வெளியே விட்டுவிட்டு, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் போவார். சரக்கு ஏற்ற வரும் லாரி மாதிரி டீசல் வண்டிக்கு மட்டும் உள்ளே அனுமதி உண்டு. அதுவும் கங்கு பறக்காதபடி சைலன்சர் வாயில் கம்பிவலைக் கூடு மாட்டியிருந்தால்தான்.

அந்தச் சட்டம் கம்பெனி கேட்டோடு நிற்காமல் எங்கள் வீட்டு வாசல்படியும் ஏறி வந்திருந்தது. உரசினாலே பற்றிக்கொள்ளும் என்று நைலான் பாவாடை எனக்குக் கிடையாது. அம்மா வேலை விட்டு வந்ததும் தலைக்கு ஊற்றி, சேலையை மாற்றின பிறகுதான் அடுப்பங்கரைக்குள் காலை வைப்பாள். தீபாவளிக்கு ஊர் உலகமெல்லாம் எங்கள் பக்கத்துச் சரக்கை வெடித்துத் தீர்க்கும். எங்கள் வீட்டிலோ நான் ஒரே ஒரு கம்பி மத்தாப்பைப் பிடிப்பதற்கு அப்பா வாளி வாளியாகத் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு நிற்பார். மற்ற வீடுகளில் இருட்டின பிறகு பாம்பைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களே, அப்படி எங்கள் வீட்டில் தீப்பொறி என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் சீசன் சூடு பிடித்த நேரத்தில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வெடித்தது. சத்தம் கேட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் தானாக நின்றுவிடும். யார் யார் வீட்டு ஆட்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று டீச்சருக்கும் தெரியும். எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அன்றைக்கு எங்கள் கம்பெனி இல்லை என்று தெரிகிறவரை நான் என் பாவாடை நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கி வைத்திருந்தேன்.

அப்பாவும் இன்னும் சிலரும் காட்டுக்குள் குறுக்கே ஓடி உதவிக்குப் போயிருக்கிறார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஆம்புலன்ஸ் வருகிற காலமில்லை. கைக்குக் கிடைத்த வண்டிதான். அங்கே நின்றதோ ஒரு பெட்ரோல் வேன். அதை உள்ளே விட முடியாது. எங்கே எது கனன்றுகொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் அடிபட்டவர்களைச் சேலையிலும் சாக்கிலும் கிடத்திக் கேட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பாவின் சட்டையெல்லாம் கரி. சோறு வேண்டாம் என்றார். அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, அம்மாவிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

"கேட்டு வரைக்கும் கொண்டாந்து சேக்கங்குள்ளயே ரெண்டு பிள்ளைக பேச்ச நிறுத்திருச்சு."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம், கார் ஒன்று வாங்க வேண்டும் என்று அப்பா ஆரம்பித்தார்.

வண்டி விஷயம் என்றால் எங்கள் சொந்தத்தில் தாய்மாமாதான் சுப்ரீம் கோர்ட்டு. அம்மாவின் தம்பி. விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் வேலை பார்த்தார். அந்த முதலாளியின் காரை எப்போதோ ஓட்டிப் பார்த்த ஒரே தகுதியில், யார் வண்டி வாங்கினாலும் முன்னால் போய் நின்று டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பார். டயரை உதைத்தால் என்ன தெரியும் என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் எங்களுக்காக ஒரு சிவப்புக் காரைப் பேசி வைத்திருந்தார். பழைய வண்டிதான், ஆனாலும் பார்க்க மினுமினுவென்று இருக்கும். பெட்ரோல் கார்.

மாமாவின் வாதம் ஒன்றும் தப்பில்லை. டீசல் மலிவுதான், ஆனால் டீசல் வண்டியின் விலை கூட, ரிப்பேர் வந்தால் செலவும் கூட. தினமும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஓடுகிறவனுக்கு டீசல் கட்டுபடியாகும். ஆமத்தூரிலிருந்து நாரணாபுரம் போய் வருகிறவனுக்கு எதற்கு அது? பெட்ரோல் என்றால் சத்தமில்லை, அதிர்வில்லை, கரும்புகை இல்லை. இவ்வளவையும் மாமா நீட்டி முழக்கிச் சொல்வார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், டீசல்தான் வேண்டும் மாப்பிள்ளை என்பார். மாமா மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். பெட்ரோல் வண்டியைக் கேட்டுக்குள் விட மாட்டார்கள் என்று அப்பா ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"உள்ள எதுக்கு மச்சான் கொண்டு போறீக? மொதலாளியே நடந்துதான போறாரு" என்றார் மாமா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அப்பாவுக்கு ரூம் வாசலில் போய் இறங்கிப் பந்தா காட்ட ஆசை என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அதைச் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவைத்தார். கொஞ்ச நாளில் கம்பெனியிலும் அந்தப் பேச்சு பரவி, முதலாளியை நடக்கவிட்டுப் போர்மேன் காரில் போகப் போகிறார் என்று கேலி செய்தார்கள். அப்பா அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவும் சிரித்து மழுப்பினாளே தவிர விளக்கம் சொல்லவில்லை.

என் விவகாரம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அந்தச் சிவப்புக் காரை எங்கள் வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினைப் பற்றிப் பாடம் எடுத்தார். எதிரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது நான். இதுதான் பிளக்கு, இது பொறி தட்டும், உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவி டப்பு டப்பென்று வெடிக்கும், அந்த வெடியில்தான் வண்டி ஓடுகிறது என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. பொறியாம். வெடியாம். அதுவும் ஓடுகிற நேரமெல்லாம் விடாமல் வெடிக்குமாம். அதில் போய் எங்கள் அப்பாவும் அம்மாவும், கை இடுக்கிலும் நகக் கண்ணிலும் மருந்துப் பொடியோடு உட்கார வேண்டுமாம்.

டீசலிலும் அப்படித்தானா மாமா என்று கேட்டேன். டீசலில் பிளக்கும் கிடையாது, பொறியும் கிடையாது என்றார். அழுத்துகிற அழுத்தத்தில் அது தானாகவே பற்றிக்கொள்ளும் என்று கூடவே சொன்னார். அந்த மறுபாதி என் காதில் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் எங்கள் வீட்டில் மாட்டுவண்டிதான் வாங்கியிருப்போம்.

அதோடு விட்டாரா? அப்பாவின் பைக்கைக் காட்டி, இதிலும் பிளக்கு இருக்கிறது பார் என்று தொட்டுக் காட்டினார். அன்றைக்குத் தொலைந்தது என் நிம்மதி. மறுநாள் காலையில் அப்பா பைக்கை உதைத்துக் கிளப்ப, அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் ஏறி உட்கார, நான் வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தெருமுனை திரும்பி அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் மூச்சு விட்டேன். தினமும் இதே பாடு. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால் காதெல்லாம் நாரணாபுரம் பக்கம்தான். சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளை ஏன் இப்படித் துரும்பாகிறாள் என்று அம்மா மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். கயிறு என்ன செய்யும், பிளக்கைக் கழற்றவா செய்யும்?

சிவப்புக் காருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று மாமா நெருக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த அன்று எனக்குக் காய்ச்சல். பேச்செல்லாம் காதில் விழுந்தது. மாமா இந்த முறை அம்மாவையும் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். உனக்காவது சொல்லத் தெரியாதா அக்கா என்று கேட்டார். அப்பா எங்கே சரி என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் படபடப்பு தாங்கவில்லை. போர்வையோடு எழுந்து போய் அப்பா மடியில் விழுந்தேன்.

"பெட்ரோலு வேண்டாம்ப்பா. அதுல பொறி இருக்கு. நீங்களும் அம்மாவும் செத்துப் போவீக" என்று சொல்லி அழுதேன்.

நான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அப்பா அடிப்பாரோ என்று பார்த்தேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மாமாவிடம், பிள்ளையும் வேண்டாம் என்கிறாள் மாப்பிள்ளை, டீசலே பார்ப்போம் என்றார். மாமா தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார். காய்ச்சலில் உளறுகிற பிள்ளையின் பேச்சைக் கேட்டு வண்டி வாங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை என்று தெருமுனை வரை புலம்பிக்கொண்டே போயிருக்கிறார்.

போர்மேன் மகள் சொல்லித்தான் டீசல் வண்டி வந்தது என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். எங்கள் அப்பா அம்மா உயிரைக் காப்பாற்றியதே நான்தான் என்ற நினைப்பில் கொஞ்ச வருஷம் மிதப்பாகத் திரிந்தேன். வண்டி வந்த பிறகு அப்பா அதை ஒருநாளும் பந்தாவுக்கு ஓட்டவில்லை. சைலன்சருக்குக் கூடு மாட்டி, ரூம்களுக்குப் போகிற பாதையோரம் வேப்பமரத்தடியில் கேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி வைத்திருப்பார். கேலி செய்தவர்களே பிறகு அதன் மேல் வெயில் படாமல் ஓலை வேய்ந்து கொடுத்தார்கள். எதற்காக வாங்கப்பட்டதோ அதற்காக அது பின்னாளில் ஓடத்தான் செய்தது. அதில் போனது அம்மா இல்லை என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் போல நீங்களும் பதற வேண்டாம்.

ஆனால் வண்டி பார்க்கப் போன அந்த நாள்தான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிற ஒருவர் தன் பழைய டீசல் வண்டியை விற்கப் போகிறார் என்று தெரிந்து, பஸ் ஏறிப் போனோம். கோபம் ஆறாவிட்டாலும் மாமாவும் வந்திருந்தார். வெள்ளை வண்டி. வெள்ளை என்று சொன்னாலும் மேலெல்லாம் கல்தூசி. நீளமாக, பின்னால் ஒற்றைக் கதவோடு இருந்தது. பின்பக்கம் எதிரெதிரே இரண்டு சீட்டு. மடக்கிவிட்டால் நடுவில் தரை வெறுமையாக நீண்டு கிடக்கும். ஸ்டார்ட் பண்ணினால் வீடே ஆடுகிற மாதிரி ஒரு உறுமல். எனக்கு அந்த உறுமலே பிடித்திருந்தது. பொறி இல்லாத வண்டி அல்லவா.

மாமா டயரை உதைத்தார். விற்கிறவர் எஞ்சினைக் காட்ட மூடியைத் திறந்தார். அப்பா இரண்டையும் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போனார். கதவைத் திறந்து, சீட்டுகளை மடக்கி, உள்ளே தரையைக் கையால் துடைத்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏறி ஒருக்காப் படு" என்றார்.

விற்கிறவர் ஒன்றும் புரியாமல் மாமாவைப் பார்த்தார். மாமாவுக்கு அவமானம். இங்கன வச்சு என்ன மச்சான் இது என்று முணுமுணுத்தார். வேற்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நடுத்தெருவில் ஒரு பொம்பிளை எப்படிப் படுப்பாள்? அம்மா அப்பா முகத்தை ஒருதரம் பார்த்தாள். என்ன எது என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கணுக்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். தலை டிரைவர் சீட்டுப் பக்கம் இருக்கும்படி மல்லாந்து படுத்தாள். அப்பா கதவைச் சாத்தினார். சாத்த முடிந்தது. திறந்தார். திறந்த பிறகும் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தூசி பட்ட கதவு கனமாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கால் இடிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அம்மா தலையசைத்தாள். எழுந்திருக்காமல் வண்டியின் கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு மட்டும் அளவு பாக்காதீக. எங்க ரூம்ல என்னயவிட ஒசரமானவளுக இருக்காளுக."

எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். இது எங்கள் வண்டி. குற்றாலத்துக்குப் போகும்போது இப்படிக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரப்போவது நான்தான் என்று அந்தத் தரையைப் பார்த்த மாத்திரத்திலேயே முடிவு செய்திருந்தேன். இந்த அம்மா என்னவென்றால், ரூமில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இடம் பேசுகிறாள். அவர்களெல்லாம் படுத்தால் நான் எங்கே படுப்பது என்று கேட்டு, காலைத் தரையில் உதைத்து அழுதேன்.

அப்பா குனிந்து என்னைத் தூக்கினார். இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு இதுல எடமே வேண்டாந் தாயி" என்றார்.

பெட்ரோல் வேண்டாம் என்று அப்படி அழுது இந்த வண்டியை வரவைத்ததே நான்தான். எனக்கே இடமில்லையாம். ஆமத்தூர் வந்து இறங்குகிறவரை நான் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.