பதிமூன்றாவது படம்

அந்தத் துணிக்கடையில் மூன்றாவது மாடி குழந்தைகளுக்கானது. அங்கே பிராக் பிரிவில் நின்றவளை வாடிக்கையாளர்கள் 'பிராக் அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடையில் எல்லோருக்கும் அதுவே அவள் பெயராகிவிட்டது.

பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்கு வந்தாள். வாசலுக்கு எதிரே, கீழ்த்தளத்தில் நிற்கத்தான் அவளுக்கு ஆசை. சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கு மேல போட்டிருக்கேன்மா, அங்க காத்து நல்லா வரும்" என்றார். காற்று ஒன்றும் வரவில்லை. சில மாதம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. கீழ்த்தளத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் சிவப்பு. மாடி ஏற ஏற நிறம் இறங்கிக்கொண்டே போகும். ஆகக் கறுப்பான பெண்கள் எல்லாவற்றுக்கும் மேலே குடோனில் அட்டைப்பெட்டி பிரித்தார்கள். யாரும் அப்படி ஒரு சட்டம் போட்டதாகச் சொல்லவில்லை. கேட்டால் சிரித்திருப்பார்கள்.

அவளும் வேலையைக் கற்றுக்கொண்டாள். கறுப்பான குழந்தையோடு வரும் தாய் ஊதா நிற பிராக்கைத் தொட்டால், "அது பாப்பாவுக்கு எடுக்காதுங்க, இந்தச் சந்தனக் கலரைப் பாருங்க" என்று நயமாகத் திருப்பிவிடுவாள். சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தது அது. பல வருஷம் மனதில் எதுவும் உறுத்தாமல் சொன்னாள். அவளுக்கே ஒரு மகள் பிறந்து, அப்பாவின் நிறத்தில் வளர ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு முன்போலச் சுலபமாக வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

கணவன் தண்ணீர் கேன் போடும் வண்டி ஓட்டினான். அதிகம் பேசாதவன். அவனுடைய தங்கை அதற்கும் சேர்த்துப் பேசுவாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் குழந்தையின் தாடையைப் பிடித்து, "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா அண்ணி" என்பாள். அதை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். அந்த 'இருந்தாலும்' மட்டும் அவள் போன பிறகும் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மகளுக்கு எட்டு வயதானபோது கடையில் ஒரு போட்டி அறிவித்தார்கள். கடை சொந்தமாகத் தைத்து விற்கப்போகும் குழந்தை உடைகளுக்கு விளம்பர முகம் வேண்டும். யார் வேண்டுமானாலும் பிள்ளையை அழைத்து வரலாம், பன்னிரண்டு பேரை எடுப்பார்கள், வாசலுக்கு மேலே பெரிய பலகையிலும் கடைப் பையிலும் படம் வரும். பணியாளர்களின் பிள்ளைகளும் வரலாம் என்று மேனேஜரே மைக்கில் சொன்னார்.

"நம்ம பிள்ளையைக் கூட்டிட்டுப் போகவா?" என்று கணவனிடம் கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் சிரித்தாள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. போயிட்டு வாங்க அண்ணி, என்ன குறைஞ்சிடப் போகுது."

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடியிலேயே திரை கட்டிப் படம் பிடித்தார்கள். வரிசை படிக்கட்டு வழியாக இறங்கித் தெருவரை நின்றது. வரும் பிள்ளைகளுக்கு உடை மாற்றி, தலை சீவி அனுப்புவது அவள் வேலை. வெயிலில் விளையாடிக் கறுத்த பையன்கள், எண்ணெய் வழியும் முகத்தோடு மாநிறப் பெண்கள், ஒன்றிரண்டு வெள்ளைவெளேர் என்ற பிள்ளைகள் என்று ஊர் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வரிசையும் இருந்தது. மகளின் முறை வந்தபோது ஸ்டூடியோக்காரர் காமிராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அக்கா, கொஞ்சம் பவுடர் போட்டுக் கூட்டிட்டு வாங்க. லைட்ல எடுபட மாட்டேங்குது."

அவள் போட்டாள். போதாது என்றார். இன்னும் போட்டாள். முகம் சாம்பல் பூத்துவிட்டது, கழுத்து அப்படியே நின்றது. பவுடர் மூக்கில் ஏறிப் பிள்ளை பலமாகத் தும்மினாள். தும்மிவிட்டு, தானே வெட்கப்பட்டு, முன்பல் விழுந்த இடைவெளி தெரியச் சிரித்தாள். அந்த நொடியில் அவர் படம் எடுத்துவிட்டார். "இன்னைக்கு எடுத்ததுல இதுதான் நல்ல சிரிப்பு" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் அம்மாவும் மகளும் அடுத்த சில நாட்கள் காலால் நடக்காமல் மிதந்தார்கள்.

பலகை ஏறிய காலையில் அவள் வேலைக்குப் போகும் வழியில் எதிர் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு பிள்ளைகள். பன்னிரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ரோஜா நிறம். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பிறகு மகளை விட்டுவிட்டு, தான் உடை மாட்டிவிட்ட மற்றப் பிள்ளைகளைத் தேடினாள். அந்தக் கறுத்த பையன்களில் ஒருவனாவது, மாநிறப் பெண்களில் ஒருத்தியாவது இருக்கக்கூடாதா? தன் பிள்ளை தேறவில்லை என்றால் விதியே என்று போய்விடலாம். தன் பிள்ளை மாதிரி இருந்த ஒன்றுகூடத் தேறவில்லை என்பதை எங்கே கொண்டு வைப்பது?

சாயந்திரம் மகள் கேட்டாள். "நான் சரியா சிரிக்கலையாம்மா?"

"நிறைய பேர் வந்தாங்கடி. எல்லாருக்கும் இடம் வேணாமா."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் யாரோ ஒரு அம்மாள் அந்தப் பலகையைப் படம் பிடித்து, "இந்த ஊரில் இருக்கிற பிள்ளைகள் யாரும் இந்தப் பலகையில் இல்லை" என்று எழுதி எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டாள். அது கைபேசிக்குக் கைபேசி தாவியது. கடையை ஏசினார்கள், கிண்டல் செய்தார்கள். பவுடர் டப்பாவுக்குள் பன்னிரண்டு குழந்தைகளைப் போட்டு ஒருவர் படம் வரைந்திருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டுச் சத்தம் போட, மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் பொண்ணு செலக்ட் ஆயிட்டாம்மா" என்றார்.

"சார், பன்னெண்டு பேரும் ஏற்கெனவே..."

"பதிமூணா ஆக்கிட்டோம். உன் பொண்ணு படம் அப்பவே எங்களுக்குப் பிடிச்சிருந்தது. இடம்தான் பத்தல. புதுசா ஒரு படம் எடுத்துடலாம்."

அவள் தயங்கினாள். "வரிசையில நிறைய பிள்ளைங்க வந்துச்சு சார், அவ மாதிரியே."

"அவங்களை எங்க போய்த் தேடறது? உன் பொண்ணுன்னா கையோட இருக்கு." அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "ஒண்ணு போதும்மா. ஒண்ணு இருந்தா வாயை மூடிடுவாங்க."

வீட்டில் கணவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வேணாம்" என்றான். "ஆட்டத்துல சேர்க்காம விட்டுட்டு, பெரியவங்க திட்டினதும் ஒப்புக்குச் சப்பாணியா கூப்பிடற மாதிரி இருக்கு."

"மாட்டேன்னு சொல்லிட்டு நாளைக்கு அவர் மூஞ்சியில நான் எப்படிங்க முழிக்கறது? அதுவும் இல்லாம, அவ ஆசைப்படறா."

அது பொய்யில்லை. மகள் அதற்குள் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை வரிசை இல்லை. திரை, ஸ்டூடியோக்காரர், மேனேஜர், இவர்கள் இருவர். மகள் மஞ்சள் பிராக் கேட்டாள். வெள்ளைதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அம்மா வீட்டிலிருந்தே லேசாகப் பவுடர் போட்டு அழைத்து வந்திருந்தாள். ஸ்டூடியோக்காரர் காமிராவைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா, அந்தப் பவுடரைத் துடைச்சிடுங்க. முடிஞ்சா கன்னத்துல கொஞ்சம் எண்ணெய் தடவுங்க."

"ஏன் சார்?"

"பார்த்தவுடனே தெரியணுமாம்."

"என்ன தெரியணும்?"

அவர் விளக்கைத் திருப்பி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர். அவளும் அப்படித்தானே. கைக்குட்டையை நனைத்து மகளின் முகத்தைத் துடைத்தாள்.

"அம்மா, அன்னைக்குப் போடச் சொன்னாரு. இன்னைக்குத் துடைக்கச் சொல்றாரு. எதும்மா சரி?"

"ரெண்டும் லைட்டுக்குத்தான்டி."

மகள் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு ஸ்டூடியோக்காரர் நாய் மாதிரி குரைத்துக் காட்டியும், மேனேஜர் மிட்டாய் நீட்டியும், அவள் பல்லைக் காட்டினாளே தவிரச் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு பேர் இருந்த பலகையில் யாரையும் நகர்த்தவில்லை. அதன் ஓரமாகத் தனியாக ஒரு பலகை அடித்து அவளை வைத்தார்கள். கீழே, 'எல்லாப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளே' என்று எழுதியிருந்தது. அந்தப் பன்னிரண்டு பேருக்குக் கீழே அப்படி எதுவும் எழுதவேண்டி வரவில்லை. பைகள் முன்பே அச்சாகி வந்துவிட்டதால் பையில் பன்னிரண்டு முகம்தான். பிராக் அக்கா நாள் முழுக்க அந்தப் பையில்தான் துணி போட்டுக் கொடுத்தாள்.

ஒரு மத்தியானம் நன்றாகப் படித்த களையுடைய ஒரு அம்மாள் மாடிக்கு வந்தாள். துணியைப் புரட்டிக்கொண்டே, "வெளியில இருக்கற அந்தப் புதுப் படம் பார்த்தீங்களா? நான் எழுதினதாலதான் வெச்சாங்க" என்றாள் சந்தோஷமாக.

"பார்த்தேங்க."

"எவ்ளோ அழகு அந்தக் குழந்தை. யாரோ ஏழைப் பிள்ளையாத்தான் இருக்கும். இனிமே அதுக்கு எவ்ளோ தன்னம்பிக்கை வரும் பாருங்க."

என் மகள்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொள்வாள், கண் கலங்குவாள், ஒருவேளை சேர்ந்து நின்று படமும் எடுப்பாள். "உங்க பாப்பாவுக்கு என்ன அளவுங்க?" என்று கேட்டாள் பிராக் அக்கா.

தன்னம்பிக்கை வந்த விதத்தை அவள் பள்ளிக்கூட வாசலில் தெரிந்துகொண்டாள். மகளை அழைக்கப் போனவள் காதில், "ஏய் பதிமூணு, உன்னைக் கூப்பிட வந்திருக்காங்க" என்று ஒரு குரல் விழுந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழகியிருந்தாள்.

வரும் வழியில், "எத்தனை நாளா இப்படிக் கூப்பிடறாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"கறுப்புங்கறதுக்காகத்தான் என்னைச் சேர்த்தாங்களாம். அவங்க அம்மாங்க பேசிக்கிட்டாங்களாம். அப்படியாம்மா?"

வீடு வந்து அம்மா தலைவாசல் பூட்டைத் திறந்தாள். "நீ நல்லா சிரிச்சேடி. அதுக்காகத்தான்" என்றாள்.

"நான் சிரிக்கவே இல்லையே" என்றாள் மகள்.

மறுநாள் மேனேஜரிடம் போய்ப் படத்தை இறக்கிவிடச் சொன்னாள்.

"இறக்கினா மறுபடியும் எழுதுவாங்கம்மா. நீயே யோசிச்சுப் பாரு, எங்களுக்கு ரெண்டு பக்கமும் இடி." அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது, கடைக்காக.

பலகை அந்த வருஷம் முழுக்க நின்றது. மழையில் பிள்ளையின் கன்னம் திட்டுத்திட்டாக வெளுத்த பிறகும் நின்றது. அடுத்த போட்டி வந்தபோது மேனேஜர் முன்கூட்டியே கூப்பிட்டார். "இந்தத் தடவை ஆரம்பத்துலயே ஒரு இடம் ஒதுக்கியாச்சு. உன் பொண்ணையே கூட்டிட்டு வந்துடு, தேடற வேலை மிச்சம்."

"அவ வர மாட்டா சார்."

"எடுத்துச் சொல்லும்மா."

"நானும் அனுப்ப மாட்டேன் சார்."

மேனேஜர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "இடம் குடுக்கலைன்னாலும் குத்தம், குடுத்தாலும் குத்தம். உங்களை எல்லாம் எப்படித்தான் திருப்திப்படுத்தறதுன்னு தெரியல."

'உங்களை எல்லாம்' என்றால் யாரை என்று அவள் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவளைக் குடோனுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, அங்கே ஆள் குறைவாம். அட்டைப்பெட்டி பிரிக்கும் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

வகுப்புப் படம் பள்ளியிலிருந்து வந்ததும் அதை முதலில் பார்த்தவன் கணவன்தான். மூன்று வரிசையாகப் பிள்ளைகள், நடுவில் டீச்சர். அவன் விரலை வைத்துத் தேடிவிட்டு அவளிடம் நீட்டினான். அவளும் தேடினாள். மகள் இல்லை. கீழே பெயர்கள் வரிசையாக இருந்தன. மகளின் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று போட்டிருந்தது.

"நீ அன்னைக்குப் பள்ளிக்கூடம் போனியே" என்றாள் அம்மா.

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "பாத்ரூம்ல இருந்தேன்."

"படம் எடுத்து முடியற வரைக்குமா?"

"ம்."

கணவன் எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே துடைத்த வண்டி. அவள் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தலையைத் தடவலாமா என்று கையைத் தூக்கினாள். முகத்தை நோக்கி அம்மாவின் கை வருவதைப் பார்த்து மகள் சட்டென்று பின்னால் சாய்ந்துகொண்டாள்.