மைதானத்தில் இரண்டு பதினொன்று

எழுபதுகளின் பிற்பகுதி. கொச்சி மட்டாஞ்சேரியில் நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அங்கே ஒரு மிளகுக் கிடங்கில் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து குடிவந்து மூன்று வருடமாகியிருந்தது. லீவில் ஊருக்குப் போனால், மலையாளம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று பீற்றிக்கொள்வேன்.

பள்ளி கால்பந்து அணியில் நான் இருந்தேன். அதாவது, ரிசர்வில் இருந்தேன். நான் ஆட வேண்டிய லெஃப்ட் விங் இடத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவன் ஆடினான். தோப்பும்படி துறைமுகத்தில் மீன் இறக்கும் தொழிலாளியின் மகன். அவன் இடது காலில் பந்து மாட்டினால் யாராலும் பிடுங்க முடியாது. எனக்கு அவனைப் பார்த்தாலே வயிறு எரியும். போதாததற்கு, எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அம்மாவே, "பந்து உதைக்கிற பிள்ளைல்லா" என்று அவனுக்கு இரண்டு தோசை கூடப் போடுவாள். நான் என்ன, பல்லாங்குழியா ஆடினேன்?

அந்த வருடம் தோப்பும்படியில் இருந்த ஒரு க்ளப்பும் அவனைக் கூப்பிட்டது. தோல் பூட்ஸ் தருவார்களாம். பயிற்சி முடிந்ததும் முட்டையும் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் உண்டாம். நான் என் கான்வாஸ் ஷூவின் ஓட்டையில் அட்டை வைத்து ஓடிக்கொண்டிருந்தேன். ஆனால் க்ளப் ஆட்டமும் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியும் ஒரே வாரத்தில் வந்தன. எங்கள் டிரில் மாஸ்டரை எல்லோரும் 'மாஷ்' என்போம். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: க்ளப்பா, ஸ்கூலா, ஏதாவது ஒன்று.

அவன் க்ளப்புக்குப் போனால் அந்த இடம் எனக்கு. அது பள்ளியில் எனக்குக் கடைசி வருடம் வேறு. அதனால் க்ளப்பின் பெருமையை அவன் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். அந்தத் தோல் பூட்ஸைப் பற்றி நான் பேசிய அளவுக்கு அந்த க்ளப்காரர்களே பேசியிருக்க மாட்டார்கள். உள்ளுக்குள், அவனை மட்டும் ஏன் ரெண்டு பேர் கூப்பிடுகிறார்கள், என்னை ஒரு நாய்கூடக் கூப்பிடவில்லையே என்று குமைச்சல்.

ஒரு சனிக்கிழமை மாலை க்ளப் செக்ரட்டரி ஸ்கூட்டரில் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். நான் கேட் ஓரமாகக் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஏதோ கேட்டார். அவன் தெளிவாகச் சொன்னான்: "சேட்டா, எனிக்கு ஸ்கூள் மதி."

'மதி' என்றால் மலையாளத்தில் 'போதும்'. பரிமாறும்போது இலையைக் கையால் மறைத்து "மதி, மதி" என்பார்கள். அப்படியானால் அவனுக்கு ஸ்கூல் ஆட்டம் போதும், விட்டுவிட்டான்! செக்ரட்டரி எனக்கு முதுகைக் காட்டி நின்றதால் அவர் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். மாஷின் அறைக்கு ஓடினேன்.

"மாஷே, அவன் ஸ்கூள் மதி என்னு பறஞ்ஞு!"

மாஷ் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "நன்னாயி! நன்னாயி!" என்றார். என் முதுகிலும் ஒன்று வைத்தார். அதற்கு மேல் எனக்கு வேறென்ன உத்தரவு வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேசரி. லெஃப்ட் விங்குக்குப் பதினொன்றாம் நம்பர். ஜெர்ஸியில் நம்பரை அவரவர் வீட்டில்தான் தைத்துக்கொள்ள வேண்டும். அக்கா அப்பாவின் பழைய குடைத் துணியை வெட்டி, என் வெள்ளைச் சட்டையில் பதினொன்று தைத்துக்கொடுத்தாள். தெருவில் ஒருவரையும் விடாமல் சொல்லி முடித்தேன்.

திங்கட்கிழமை முதல் ஆட்டம். அப்பா கிடங்கில் அரை நாள் லீவு கேட்டுவிட்டு அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனால், அங்கே அவன் நிற்கிறான். முதுகில் பதினொன்று.

ரெஃப்ரிதான் முதலில் கேட்டார்: "இதெந்தா மாஷே, ரண்டு பதினொண்ணோ?"

மாஷ் என்னைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தார். "ஆராடா நினக்கு இது தந்நது?" நான் திக்கித் திணறி, அவன் 'ஸ்கூள் மதி' என்று சொன்னதைத்தானே உங்களிடம் வந்து சொன்னேன் என்றேன். மாஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எடா, ஸ்கூள் மதி என்னு பறஞ்ஞால் ஸ்கூளு தன்னே வேணும் என்னல்லே!" ஸ்கூல் ஒன்றே போதும், க்ளப் வேண்டாம் என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். மாஷ் அன்று மேஜையைத் தட்டியதும் அதற்குத்தான். க்ளப் அடுத்த வருடமும் இருக்கும், பத்தாம் வகுப்பு இந்த வருடத்தோடு சரி என்று அவன் அம்மா சொன்னாளாம்.

மொத்த டீமும் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. நான் எவ்வளவு சந்தோஷமாக மாஷிடம் ஓடியிருப்பேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மைதானத்துக்குள் ஓடினான்.

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தேன். இடைவேளைக்குப் பிறகு அவன் ஒரு கோல் போட்டான். என் கை எழவில்லை. பின்னால் என் வீட்டார் கைதட்டுவது கேட்டது. அம்மாவின் சத்தம்தான் பெரிதாக இருந்தது. அன்று பட்ட எரிச்சல் அதுவரை பட்டதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

திரும்பி நடந்து வரும்போது, மலையாளம் ஒரு குழப்பமான பாஷை என்று அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அக்கா குறுக்கே புகுந்தாள். "ஏலே, தினமும் கடையில காப்பியா சாயாவான்னு கேட்டா 'எனிக்கு சாயா மதி'ன்னு சொல்லுதியே. உனக்குச் சாயா வேண்டாம்னா அதுக்கு அர்த்தம்?"

அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும், நானே தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறாமை வந்தால் கண் மறைக்கும் என்பார்கள், எனக்கு அது காதிலும் புகுந்துவிட்டிருந்தது. இன்றைக்கும், யாரோ ஒருவர் என் வழியிலிருந்து விலகுகிறார் என்ற செய்தி காதில் தேனாக விழுந்தால், துள்ளிக் குதிப்பதற்கு முன்னால் அவரிடமே போய் இன்னொரு தரம் கேட்டுவிடுகிறேன்.