ஆள்விட்டுச் சொன்ன வார்த்தை

கோபமும் அக்காவும் சேர்ந்தால் கோவக்கா. தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் சொல்வார்கள், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து. டீசல் என்ஜின் பட்டறையில் கடைசலும் கேஸ் நெருப்பும் அவள் பொறுப்பு. என்ஜினைப் பிரிப்பதும் பூட்டுவதும் அண்ணன் பொறுப்பு. அப்பா இரண்டு பேருக்கும் சேர்த்து விட்டுப்போன இடம் அது. ஒரே கூரைக்குக் கீழே நாள் முழுக்க நின்றாலும் அவள் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அவள் புருஷனோடு வேறு ஊரில் இருந்தபோது அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. அண்ணன் கையில் போன் இருந்தது. போனில் தங்கை நம்பர் இருந்தது. அந்த மகராசன் அதை அழுத்தாமல், அந்தப் பக்கம் போன லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினான். லாரிக்காரருக்கு என்ன வந்தது? வழியில் சரக்கு இறக்கி, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு ஆற அமர வந்து சொன்னார். அவள் அடித்துப் பிடித்து ஓடி வந்தபோது அம்மாவை அடக்கம் செய்தாகிவிட்டது. கட்டிலைக்கூடக் கழுவி வெயிலில் சாய்த்திருந்தார்கள்.

"ஆள்விட்டுத்தானே எனக்குச் சொன்னான்? இனிமே நானும் ஆள்விட்டே பேசிக்கறேன்" என்றாள் அன்றைக்கு. சொன்னபடியே செய்தாள். புருஷனுக்கு வேலை இந்த ஊருக்கு மாறி, அவள் பட்டறைக்கு வந்த பிறகும் மாறவில்லை. அண்ணனிடமிருந்து ஒரு ஸ்பேனர் வேண்டுமென்றாலும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். பட்டறைக்கு வந்தவர் போனவர் எல்லோரும் தூது போனார்கள்.

அப்படியிருக்க ஒருநாள் படகுக்காரர் தன் என்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார். ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்க்கிற படகு. அலுமினிய உறைக்குள் பேரிங் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தது. உறையின் பின்பக்கம் அடைப்பு, அங்கிருந்து அடித்துத் தள்ள வழியில்லை. இதற்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் உளி வைத்து அடித்துப் பார்த்திருக்கிறான். உறையின் ஓரத்தில் மயிரிழைக்கு ஒரு விரிசல்.

அதைப் பார்த்ததும் கோவக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எவன் இதுல உளி வெச்சான்? அவன் பல்லை இப்படிப் பிடுங்கினா சும்மா இருப்பானா?"

"இந்த உறை இப்ப எங்கயும் கிடைக்காதும்மா" என்றார் படகுக்காரர். "இது உடைஞ்சா என் படகை விறகுக்குத்தான் போடணும். பாத்துப் பண்ணுங்க."

வேலை இதுதான். நெருப்புக் காட்டினால் அலுமினியம் சட்டென்று விரியும். பேரிங் இரும்பு, கொஞ்சம் பின்னால்தான் விரியும். நடுவில் ஒரு சின்ன நேரம் பிடி தளரும். அப்போது இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். தவறவிட்டால் இரண்டும் சேர்ந்து சூடேறி மறுபடி இறுகிவிடும். அதற்குமேல் முரட்டுத்தனமாக இழுத்தால் உறை பிளக்கும். கோவக்கா வெளிப்பக்கம் நெருப்போடு, அண்ணன் உள்பக்கம் பேரிங்கைக் கவ்வி இழுக்கிற புல்லரோடு, நடுவில் ஆளை மறைக்கிற என்ஜின். உறைமேல் தெளித்த தண்ணீர்ச் சொட்டு குதித்தால் அதுதான் இழுக்கிற பதம்; அதை அவள் மட்டும்தான் பார்க்கமுடியும்.

சொட்டு குதித்தது. "இழுக்கச் சொல்லுங்க" என்றாள் படகுக்காரரிடம்.

படகுக்காரர் ஆயுசு முழுக்க என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தொலைத்தவர். "என்னம்மா?"

"இழுக்கச் சொல்லுங்க."

அவர் சுற்றிப் போய், "தம்பி, இறக்கச் சொல்லுது" என்றார். அண்ணன் புல்லரைக் கழற்றி இறக்கிவைத்தான். கோவக்கா தலையில் அடித்துக்கொண்டாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அவளே வலியப் போய் ஊதிய சங்கு.

ஆறவிட்டு மறுபடி சூடேற்றினார்கள். இந்தத் தடவை காதுக்குள் வாய்வைத்துச் சொன்னாள். அவரும் சரியாகத்தான் போய்ச் சொன்னார். ஆனால் அவர் போய்ச் சேர்வதற்குள் நேரம் தாண்டிவிட்டது. அண்ணன் இழுத்தான். பேரிங் அசையவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். விரிசல் நகத்தளவு நீண்டிருந்தது.

படகுக்காரர் குனிந்து விரலால் அதைத் தடவிப் பார்த்தார். தள்ளிப்போய் நின்றார். இன்னொரு 'டிக்' வந்தால் அவர் பிழைப்பு போயிற்று. கோவக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன்மேல் கோபம், காது கேட்காத மனுஷன்மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன்மேலேயே கோபம். உறை முழுக்க ஆறியதும் மூன்றாவது தடவை நெருப்பை எடுத்தாள். தூது போக இப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

சொட்டு குதித்தது.

"அண்ணே, இழு."

'டொக்' என்று ஒரே இழுப்பில் பேரிங் வெளியே வந்து விழுந்தது. உறைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் புல்லரைப் பிடித்தபடியே எழுந்து என்ஜினுக்கு மேலாக அவளைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பேசிட்டே" என்றான்.

அவள் நெருப்பை அணைத்தாள். "பாத்தியா? நேரா ஒரு வார்த்தை. எவ்வளவு நேரம் ஆச்சு? எனக்கும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அம்மாவை உயிரோட பாத்திருப்பேன். ஏன் போன் பண்ணலே?"

இத்தனை நாளில் யாரை விட்டும் அவள் கேட்டனுப்பாத கேள்வி அது.

"பண்ணலாம்னுதான் எடுத்தேன்" என்றான். "உன் குரலைக் கேட்டா உடைஞ்சு போயிடுவேன்னு பயமா இருந்துச்சு."

"உடைஞ்சிருக்க வேண்டியதுதானே" என்றாள். "நீ போன்ல வெறுமனே அழுதிருந்தாக்கூட நான் கிளம்பி வந்திருப்பேனே, பாவி."

அவள் அதோடு விடவில்லை. பேரிங் வந்துவிட்டதா என்று படகுக்காரர் இரண்டு தடவை கேட்டார், யாரும் சொல்லவில்லை. சேர்த்துவைத்திருந்த அத்தனையையும் அவள் அவன் முகத்துக்கு நேராகவே திட்டித் தீர்த்தாள். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.