பொத்தான் திரை

இன்று காலை சிதம்பரத்து வீட்டில் என் மனைவி எனது பழைய சட்டைப் பொத்தான்களைத் தூண்டில் நரம்பில் கோத்து, சமையலறை வாசலில் திரையாகத் தொங்கவிட்டாள். நல்ல சட்டைகளிலிருந்தும் வெட்டியிருப்பாளோ என்ற கவலையில் நான் எண்ணிக்கொண்டிருந்தபோது காற்று வீசியது.

பொத்தான்களின் கலகல ஒலியில், சாலை அகலமானபோது காணாமல் போன கடலூர் முதுநகர்த் தையற்கடை திரும்பி வந்தது. மீந்த பொத்தான்களில் தையற்காரர் மனைவி கட்டிய திரை, மெஷின் எண்ணெயும் புதுத்துணியும் கலந்த வாசனை, கடற்காற்றில் நாளெல்லாம் கேட்ட அதே சத்தம். சிறுவனான நான் சரங்களை எண்ணி முடிக்குமுன் யாராவது விலக்கி நுழைய, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

“கடைசி சரத்துல ஒண்ணு கொறையுது,” என்றேன்.

“எண்ணிட்டீங்களா? நீங்க போட்டிருக்கிற சட்டைய மட்டுந்தாங்க விட்டு வச்சிருக்கேன்.”

கத்தரிக்கோலை வாங்கி, கழுத்துப் பொத்தானை நானே வெட்டிக் கொடுத்தேன்.